நீளமான சீன்

எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்று திரேஸ்புரம் டீக்கடை டிவியில் ஒரு புதுப்படம் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் விழுந்த நண்பனைத் தேடி ஹீரோ முங்கினான். முங்கியவன் வெளியே வருகிற வழியாக இல்லை.

“இந்தச் சீன் ரொம்ப நீளம். பாதியை வெட்டியிருக்கலாம்” என்றேன், பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். உப்பேறிச் சிவந்த கண்கள், ஒரு காதில் பஞ்சு. கன்னம் இறுகி, நெஞ்சு அசையாமல் டிவியையே பார்த்திருந்தார். ஹீரோ நண்பனோடு மேலே வந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

“அண்ணாச்சி கடல்ல முங்கிச் சங்கு குளிக்கிறவரு. தண்ணிக்குள்ள சீன் வந்தா இப்படித்தான் மூச்சப் பிடிப்பாரு” என்றார் கடைக்காரர்.

நான் சிரித்தேன். “படத்துக்குமா?”

“நீளமெல்லாம் இல்ல சார்” என்றார் பக்கத்தில் இருந்தவர். “எந்தம்பி முங்குனப்ப நான் வள்ளத்துல இருந்து இப்படித்தான் பிடிச்சேன். ரெண்டு தடவ எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. பொறவுதான் நானும் முங்குனேன். ஆளக் காணல. படத்துலதான் எல்லாவனும் மேல வந்துருதான்.”

“இதுல பாட்டு நல்லாருக்கும்” என்றேன்.

“ஆமா சார், நல்லாருக்கும்” என்று மரியாதையாகத் தலையாட்டினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் படத்தின் பெயர்கூட இப்போது நினைவில்லை. அந்தத் தலையாட்டல்தான் போக மாட்டேன் என்கிறது.