ஊரணிக்குள் இறங்கிய கால்

“அந்த சாரு ஊரணிக்குள்ள எறங்குனாரா பாப்பா?” என்று போனில் கேட்டார் செவந்தி அக்கா.

“எந்த சாருக்கா?”

“போன மாசம் நீங்க கூட்டிட்டு வந்தவருதான். முழங்கால் தண்ணியில நிக்கிற மாதிரி படம். மூஞ்சி தெரியல. துபாயில இருக்க உடையப்பன் ஊரு குரூப்புல போட்டுட்டான்.”

“நாம கூடவேதானே இருந்தோம்.”

“நான் டீ வாங்கப் போனேன்ல, அப்ப எறங்கிட்டாருன்னு பேசுறாங்க. சாயங்காலம் கூட்டம். இத்தன வருசம் காவக் காத்து என்னத்தக் கிழிச்சேன்னு வெள்ளைச்சாமி மாமா கேட்டுட்டாரு.”

“படத்த அனுப்புங்கக்கா. பாத்துட்டுக் கூப்பிடுறேன்.”

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு அடுத்த ஊர் அது. அங்கே குடிதண்ணீர் ஊரணிக்குக் காவல் செவந்தி அக்கா. குடத்தை முக்கலாம்; தண்ணீரில் கால் படக்கூடாது. பட்டால் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள், காவலும் வேறு ஆளுக்குப் போய்விடும். பொன்னமராவதி ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் நோக, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நம்பி இதற்கு வந்தவர். உட்கார நேரம் கிடைத்ததே இல்லை. ஒருமுறை பட்டுவேட்டியோடு கால் நனைக்க வந்த மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பினார். மாப்பிள்ளை அவருடைய சொந்தத் தம்பி.

நான் அழைத்துப் போனவர் சூழல் வரலாற்று ஆய்வாளர். அவரும் நண்பர்களும் தாங்கள் படித்த கட்டுரைகளை மாதந்தோறும் இணையத்தில் ஒரே பக்கத்தில் தொகுத்துப் பகிர்வார்கள். தமிழில் வருபவற்றை ஆங்கிலத்தில் சுருக்கித் தருவது என் வேலை. இந்த மாதம் இந்த ஊரணியைப் பற்றிய கட்டுரையும் அதில் இருந்தது.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஊரணிக் கட்டுரைக்குப் படமே இல்லை. அதற்கு மேலே எங்கோ ஒரு குளிர்நாட்டு ஏரியைப் பற்றிய கட்டுரை, படம் அதனுடையது. உடையப்பன் தன் ஊர்ப்பெயரைக் கண்ட சந்தோஷத்தில் திரையைப் படம் பிடித்தபோது, மேலே இருந்த ஆளின் கால்களும் சேர்ந்து விழுந்திருக்கின்றன.

முழுப் படத்தையும் ஊர் குரூப்பில் போடச் சொல்லி அக்காவுக்கு அனுப்பிவிட்டு, பஸ் ஏறி நானும் ஊரணிக் கரையில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். ஊர்த்தலைவர் வெள்ளைச்சாமி செல்போனைக் கண்ணருகே கொண்டுபோனார். படத்தில் கம்பளிக் குல்லா போட்ட வெள்ளைக்காரர். அவருக்குப் பின்னால் பனிமலை.

“திருமயம் கோட்டைக்குப் பின்னால பனி பேஞ்சு கெடக்காப்பா?” என்றார்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. “தெரியாமப் போட்டுட்டேன் செவந்தி அத்தை” என்று உடையப்பனின் குரல் குரூப்பில் வந்தது. வெள்ளைச்சாமி எழுந்து போய், எல்லோரும் பார்க்க ஒரு சொம்பு ஊரணித் தண்ணீர் குடித்தார். செவந்தி அக்கா அப்போதுதான் படியில் உட்கார்ந்தார்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

“பாப்பா, அந்தப் பக்கத்துல நம்ம ஊரணி படம் ஒண்ணு போடச் சொல்லுங்க. தண்ணி மட்டும் தெரியட்டும். ஆளு வேணாம்.”