அக்காவின் ஓட்டு, தம்பியின் கட்சி

தமிழ்நாட்டில் ஓட்டு எண்ணும் நாளில் எங்கள் வீட்டில் விடிந்ததும் விடியாததுமாக வெந்நீர் கொதிக்கும். என் வீட்டுக்காரர் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, கட்சிக்கரை போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்காருவார். இருப்பது இலங்கையில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் குடியிருப்பில். கட்டியிருப்பது ஒருமுறை திருச்சிக்குப் போனபோது வாங்கி வந்த வேட்டி. அந்த நாட்டில் அவருக்கு ஓட்டு கிடையாது, ரேஷன் அட்டை கிடையாது, ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனால் எந்தத் தொகுதியில் யார் யாரைத் தோற்கடித்தார் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எங்கள் பதுளை மாவட்டத்திலிருந்து யாரெல்லாம் பாராளுமன்றம் போனார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவார்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இவர் ஃபேக்டரியில் வேலை பார்த்து நின்றவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தப் பைத்தியத்தைப் பார்த்து எரிச்சல்படாத தேர்தல் எனக்கு இல்லை. கடைசியாக நடந்த தேர்தலில் மட்டும் நானும் அடுப்பை அணைத்துவிட்டு இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காரணம் இவருடைய அக்கா.

என் நாத்தனாருக்கு எழுபது வயது நெருங்குகிறது. இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு எங்கள் சனத்தைப் பங்கு பிரித்த காலத்தில், கல்யாணம் முடிந்த கையோடு புருஷன் வீட்டாருடன் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். புருஷன் வீட்டுக்கு இந்தியா கிடைத்தது, பிறந்த வீட்டுக்கு இலங்கை கிடைத்தது. தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. அங்கே கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்து, லயத்து வீடும் கொடுத்தார்கள். இங்கே கிள்ளிய கொழுந்தை அங்கே போயும் கிள்ளினார், அவ்வளவுதான். காகிதத்தில் அவர் தாயகம் திரும்பியவர். தெருவில் சிலோன்காரி.

புருஷன் செத்துப்போனார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறான். நான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார் மட்டும் அந்த லயத்து வீட்டிலேயே இருந்தார். வேலையை விட்டு நின்றாயிற்று, வீட்டைக் காலி பண்ணு என்று நிர்வாகம் நெருக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது. இவர் கட்சி வேட்பாளர் லயத்து வாசலில் நின்று, நான் ஜெயித்தால் இந்த வீடுகளை அவரவர் பெயருக்கே எழுதி வாங்கித் தருவேன் என்று கும்பிட்டுச் சொன்னார். அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டும் சொன்னாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து இவர் ஹாலிஎலையில் இருந்தபடியே கூடலூருக்குப் பிரசாரம் செய்ய ஆரம்பித்தார்.

"அக்கா, இந்தத் தடவை விட்டுறாதீங்க. அக்கம்பக்கத்துலயும் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுங்க. அவரு வந்தாத்தான் வீடு" என்பார் போனில்.

"சரிப்பா தம்பி. நீ சாப்பிட்டியா?" என்பார் அண்ணி.

"சாப்பாடு கெடக்கட்டும்க்கா. சின்னத்தை மறந்துற மாட்டீங்களே?"

"எப்பவும் நீ சொல்றதுக்குத்தானேப்பா போடுறேன்."

அது உண்மைதான். அண்ணிக்கு அந்தக் கட்சியும் ஒன்றுதான், எதிர்க்கட்சியும் ஒன்றுதான். தம்பி சொன்னான் என்று போடுவார். ஓட்டுப் போட்ட அன்று மை வைத்த விரலைப் படம் பிடித்து அனுப்பினார். இவர் வாட்ஸ்அப்பில் இருந்த தன் முகத்தை எடுத்துவிட்டு, அந்த விரலைப் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது. இந்த ஐம்பது வருடத்தில் இவர்கள் ஒருவருக்கொருவர் வேறு என்ன செய்ய முடிந்தது? கல்யாணங்காட்சிக்குப் போக முடியவில்லை, அப்பா செத்ததற்கு அக்காவால் வர முடியவில்லை. அக்காவிடம் ஓட்டு இருந்தது, தம்பியிடம் கட்சி இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே குடும்பம் போல இருந்தார்கள்.

தமிழ்நாட்டுக் கட்சிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதை இவர் காதுபடத்தான் சொல்லிவந்திருக்கிறேன். எல்லாம் குடும்பச் சொத்து. அப்பாவுக்குப் பிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு பேரன், இல்லாவிட்டால் சினிமாவில் சண்டை போட்ட ஒருத்தர். ஐந்து வருடம் திருடன் என்று திட்டியவரைத் தேர்தல் வந்ததும் அண்ணன் என்று கட்டிப் பிடிப்பார்கள். போஸ்டரில் தலைவர் முகம் வளர்ந்துகொண்டே போகும், தொண்டன் முகம் தபால்தலை அளவுக்குச் சுருங்கும். இலங்கைத் தமிழர் என்று மேடையில் கண்ணீர் விடுவார்கள். அந்த இலங்கைத் தமிழரில் நாங்கள் இல்லை. அவர்களுக்கு வடக்கு தெரியும், கிழக்கு தெரியும், நடுவில் ஒரு மலை இருப்பது தெரியாது. இத்தனைக்கும் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்த அவர்களுடைய சொந்தச் சனமே நாங்கள்தான். எங்கள் மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயத்தோடு ஆட்களை மூடியபோது அந்த டிவிகளில் நாங்கள் எங்கே வந்தோம்? அடியில் ஓடும் எழுத்தில்தான் நான் பார்த்தேன். அதையும் தங்கம் விலை வந்து தள்ளிவிட்டது.

இப்படி நான் பேச ஆரம்பித்தால் இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "நம்ம ஆளுங்க மட்டும் யோக்கியமா?"

அதுவும் நியாயமான கேள்விதான். எங்கள் மலையகத்துத் தலைவர்களும் தாத்தா பெயரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறார்கள். கொழும்பில் எந்த ஆட்சி வந்தாலும் அதில் போய் ஒட்டிக்கொள்கிறார்கள். நாங்களும் வரிசையில் நின்று போடத்தான் செய்கிறோம். ஆனால் இவர் ஏன் அந்த டிவியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அங்கே நம் பாஷை பேசுகிறவன் ஜெயித்தால் ஆட்சி. இங்கே நம் பாஷை பேசுகிறவன் ஜெயித்தால் ஒரு பிரதி அமைச்சர், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். ஒரு நாளாவது ஜெயிக்கிற பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க இவருக்கு ஆசை. அதில் என்ன தப்பு என்றும் சில நேரம் எனக்குத் தோன்றும்.

ஓட்டு எண்ணிய அன்று காலையில் தபால் ஓட்டிலேயே கட்சி முன்னிலை. பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறை வீட்டில், இருப்பவர் அதற்கு எதிர்க்கட்சி. மாதா படத்துக்குப் பக்கத்தில் தன் தலைவர் படத்தையும் மாட்டி வைத்திருக்கிற மனுசன். லயத்துச் சுவர் மெல்லிசு, இந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் கூட்டினால் அந்தப் பக்கமும் கூட்டுவார்.

"தபால் ஓட்டுக்கே இந்த ஆட்டமா? பெட்டியைத் திறக்கட்டும், அப்புறம் பாருங்க" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஏங்க, ரெண்டு பேருக்கும் அங்க எந்தத் தொகுதியில ஓட்டு?" என்று நான் கேட்டேன். இரண்டு பக்கமும் டிவி சத்தம்தான் கூடியது.

அண்ணியின் தொகுதியில் இழுபறி. ஒரு சுற்றில் இவர் ஆள் மேலே, அடுத்த சுற்றில் கீழே. கீழே போகும்போதெல்லாம் இவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நானும் டிவியில் ஓடிய எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, சொல்வதற்கு என்ன வெட்கம். ஒரு கிழவியின் கூரை அந்த எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயந்தரம் ஆகும்போது ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். சென்னையில் ஆட்சியும் கிடைத்துவிட்டது. இவர் வெளியே போய் வெடி கொளுத்தினார், நான் சேமியாப் பாயசம் வைத்தேன். பக்கத்துக் காம்பராக்காரருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே குடித்து முடித்தார்.

"அக்கா, வீடு நம்மளது" என்று இவர் போனில் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

"அழாதப்பா. நீ சந்தோசமா இருக்கியே, அது போதும்" என்றார் அண்ணி.

அவர் தனக்குச் சந்தோசம் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். அரசியல்வாதி கையைப் பிடித்தால் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியது தன் விரல்களைத்தான் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஜெயித்தவர் நன்றி சொல்ல ஜீப்பில் வந்தார், லயத்துப் பக்கம் இறங்கவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன்பே மறுபடியும் நிர்வாகத்து ஆட்கள் வந்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணி, கட்சியின் உள்ளூர் ஆளைத் தேடிப் போய், கையைப் பிடித்துச் சொன்னாரே அய்யா என்று கேட்டிருக்கிறார். "அது தேர்தல் நேரத்துல சொன்னதும்மா" என்றாராம் அந்த ஆள். கோபப்படாமல், கேட்டதற்குத் தகவல் சொல்வது போலச் சொன்னாராம்.

இவர் நம்பவில்லை. "தலைமைக்கு விசயம் போயிருக்காது. கீழ இருக்கிறவனுங்க மறைக்கிறானுங்க" என்றார். எங்கேயோ தேடிப் பிடித்துச் சென்னையில் கட்சி அலுவலகத்து எண்ணை வாங்கினார். பேசப்போகும் அன்று சட்டையெல்லாம் போட்டுக்கொண்டார், போனில் பேசுவதற்கு. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். ஒரு இளவட்டக் குரல் எடுத்தது.

"வணக்கம் தம்பி. நான் நம்ம கட்சிக்காரன். கூடலூர் பக்கம் லயத்து வீடுங்க விசயமா ஒரு வார்த்தை பேசணும்" என்றார் இவர்.

"சொல்லுங்கய்யா. நீங்க எந்த மாவட்டம்?"

"பதுளை மாவட்டம்."

"எதுங்கய்யா?"

"பதுளைங்க. ஊவா மாகாணம். இலங்கை."

"ஓ, சிலோனா. எந்த முகாம்ல இருக்கீங்க?"

"முகாம் இல்லீங்க தம்பி. இங்கதான், இலங்கையிலதான் இருக்கேன்."

"யாழ்ப்பாணமா?"

"இல்லீங்க. மலைநாடு. தேயிலைத் தோட்டம்."

அந்தப் பையன் அதோடு விடவில்லை. உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை அவன் பேசவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "அய்யா, நீங்க உங்க ஊர்லயே யாரையாவது பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வாழ்நாள் முழுக்க ஒரு கட்சிக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "சின்னப் பையன், பாவம், அவனுக்கு என்ன தெரியும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சொல்ல எவ்வளவோ இருந்தது. நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே நின்று அழுதேன். அந்தக் கட்சியை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், அது இவரை ஒரு நாள் வாசலில் நிறுத்தி எந்த ஊர் என்று கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். மறுநாள் பக்கத்துக் காம்பராக்காரர் வந்து, "அக்கா வீட்டு விசயம் என்னாச்சுங்க?" என்று மட்டும் கேட்டார். கேலி பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அண்ணி கூப்பிட்டார். வெளியே நல்ல மழை. எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது, இன்னும் பலமாகப் பெய்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். நாங்கள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். அதை இவர் அக்காவிடம் சொல்லவில்லை.

"தம்பி, சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டாங்க. மகன் வீட்டுல படுக்க எடமில்ல. நான் அங்க வந்துடவா? நம்ம காம்பராவுல ஒரு மூலை இருந்தாப் போதும்ப்பா."

அவர் நம்ம காம்பரா என்றது இதைத்தான். இந்த அறையில்தான் அவர் பிறந்தார்.

"வாங்கக்கா. கேக்கணுமா? கிளம்பி வாங்க" என்றார் இவர்.

"எத்தனை நாளைக்குப்பா விடுவாங்க?"

இவர் என்னைப் பார்த்தார். அண்ணி இன்று இந்தியப் பிரஜை, சுற்றுலாப் பயணி என்று எழுதிக் கொடுத்துத்தான் இந்த நாட்டுக்குள் வர முடியும்.  இவர் போனை என்னிடம் நீட்டினார்.

"ஒரு மாசம் அண்ணி. கேட்டுப் பார்த்தா இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுப்பாங்க" என்றேன்.

"ஒரு மாசமா. சரிம்மா. வர்றது ஒண்ணும் பெரிசில்ல, அந்த மாசம் முடிஞ்சதும் எங்க திரும்பிப் போறதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றார்.