அப்புத்துரையின் தூண்டிலும் அதிகாரியின் கெளுத்தியும்

"என்ரை தூண்டிலிலை வாய் வைச்ச மீன் ஒண்டாவது திரும்பிக் கடலுக்குப் போனதெண்டு ஆரும் சொல்லட்டும், பாப்பம்."

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த மறு வருஷம், மதிய வேளையில், அவித்த மரவள்ளிக்கிழங்கோடு போராடிக்கொண்டிருந்த சக குமாஸ்தாக்களின் முன்னிலையில் தலைமைக் குமாஸ்தா அப்புத்துரை இப்படி அறிவித்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்கக்கூடிய சாட்சிகள் எல்லாம் கடலுக்குள் இருந்தார்கள்.

அப்புத்துரை யாழ்ப்பாணத்துச் சுத்த சைவர். மீன் பிடிப்பார், தின்னமாட்டார். இந்த வித்தையைச் சரக்குக் கிடங்கு அலுவலகத்து வெள்ளைக்காரத் துரைக்கு இரை டப்பா தூக்கித் தூக்கியே கற்றுக்கொண்டார். ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்ததும் துரை சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டார். அவருடைய, நரம்பு சுற்றும் ராட்டினம் வைத்த சீமைத் தூண்டில் மட்டும் அலமாரிக்குப் பின்னால் அநாதையாக நின்றது. சாம்ராஜ்யத்தில் பாதுகாக்க முடிந்த பகுதியை அப்புத்துரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். பினாங்கில் அதிகாரம் கைமாறிய இந்த அத்தியாயத்தைச் சரித்திர ஆசிரியர்கள் ஏனோ கவனிக்கவில்லை.

மீன் வீட்டு வாசல் படலையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது அவர் மனைவி நவமணியின் சட்டம். அது எந்த ஆட்சியிலும் மாறவில்லை. ஆகவே பிடித்ததையெல்லாம் அவர் சந்து முனையிலேயே அண்டை அயலாருக்குக் கொடுத்துவிடுவார். முன்பு அவரைப் பைத்தியம் என்றவர்கள், அரிசி அருகிப்போன பிறகு "அண்ணே, இன்னிக்கு எப்படி?" என்று எழுந்து நின்று கேட்டார்கள். தலைமைக் குமாஸ்தா பதவி தராத மரியாதையைத் தூண்டில் தந்தது.

புதிய ஆட்சி வந்ததும் ஊர்க் கடிகாரங்களெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டன. மக்கள் பணிந்தார்கள். மீன்கள் மட்டும் பழைய நேரத்திலேயே கடித்தன. இந்த ராஜத் துரோகத்தை முதலில் கண்டுபிடித்தவர் அலுவலகத்தின் புதிய அதிகாரி மொரிட்டா. அவருக்கும் தூண்டில் பைத்தியம் இருந்தது. அப்புத்துரையின் கையில் சீமைத் தூண்டிலைப் பார்த்தபோது அறை விழும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் ராட்டினத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த மலாயில், "ஞாயிற்றுக்கிழமை. நீயும் வா" என்றார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் இருவரும் பாடாங் கோத்தா கடற்சுவரில் உட்கார்ந்தார்கள். எப்படி உட்கார்ந்தார்கள் என்பதில்தான் வினை. ஆயுள் முழுவதும் யார் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று பார்த்தே வேலை செய்தவர் அப்புத்துரை. உயரமான இடம் உயர்ந்த உத்தியோகத்துக்கு. ஆகவே அங்சானா மரத்து நிழலில், காற்று வாங்கும் மேட்டுக் கல்லை அதிகாரிக்கு ஒதுக்கினார். கீழே, நகரத்துப் பெருஞ்சாக்கடை கடலில் விழும் நாற்றம் பிடித்த மூலையைத் தமக்கு வைத்துக்கொண்டார். பினாங்கு மீன்களுக்கு அந்தச் சாக்கடைதான் சாப்பாட்டுக் கடை. அப்புத்துரை இழுத்துக்கொண்டே இருந்தார். மேலே உத்தியோகம் வெறுங்கையோடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீன் சிக்காவிட்டால் திங்கட்கிழமை அலுவலகத்தில் கன்னங்கள் சிக்கும். வீங்கிய கன்னங்களோடு குமாஸ்தாக்கள் தூது வந்தார்கள். ஞாயிறுகளில் காய்ச்சலில் படுக்கும்படி மன்றாடினார்கள். மீன் தானாக வந்து கடித்தால் தாம் என்ன செய்வது என்று அப்புத்துரை கேட்டார்.

இந்த நிலையில்தான் அலுவலகப் பியூன் இஸ்மாயில் பிடிபட்டான். அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கொஞ்சம் கள்ள அரிசியைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு பெர்ரியில் வந்தவனை, வயிறு இருந்த லட்சணத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டு லாக்கப்பில் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் பினாங்கில் தொப்பை வைத்திருப்பது ஒப்புதல் வாக்குமூலத்துக்குச் சமம்.

அவன் மனைவி சலேஹா அப்புத்துரையின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, அங்க போனவங்க நெறைய பேரு திரும்பி வரல லா. உங்க ஜப்பான் துவான் ஒரு வார்த்த சொன்னா வுட்டுருவாங்களாம். நீங்கதானே அவரோட உக்காந்து மீன் புடிக்கிறீங்க?"

மீன் சிக்காத துவான் எந்த வார்த்தையும் சொல்லமாட்டார் என்பதை அவளிடம் எப்படி விளக்குவது? அப்புத்துரை பார்க்கலாம் என்று முனகினார். அவள் போனதும் நவமணி ஆரம்பித்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு நாளைக்குத் தோத்தா என்ன? அந்த மீனைத் தின்னவே போறியள்?"

"தோக்கிறதோ? நானோ? இடத்தை மாத்தினால் போதும்" என்றார் அப்புத்துரை. அந்த மேட்டுக் கல்லில் யாருக்கும் எதுவும் கடித்ததில்லை. கடிக்காத இடத்தில் உட்கார்ந்தால் தோல்வி இல்லை, பெருமையும் பழுதாகாது.

ஆனால் அதிகாரியைப் பார்த்துச் சாக்கடையோரம் உட்காருங்கள் என்று சொல்ல முடியுமா? ஞாயிறன்று அப்புத்துரை கைகட்டி நின்று, பெரிய ரகசியம் போலச் சொன்னார்: "துவான், முந்தின வெள்ளைக்காரத் துரை அந்த மூலையிலைதான் இருக்கிறவர். எங்களை அங்கை கிட்டவும் விடமாட்டார்."

மொரிட்டா மேட்டுக் கல்லைப் பார்த்தார்; சாக்கடையைப் பார்த்தார். தம்மை இத்தனை நாளும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது போல ஒரு முறை முறைத்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். வெள்ளைக்காரன் உட்கார்ந்த இடம் என்றால் நாற்றத்துக்கும் ஒரு அந்தஸ்து வந்துவிடுகிறது.

அப்புத்துரை மரத்தடியில் அமர்ந்து, சாஸ்திரத்துக்கு ஒரு மரவள்ளி உருண்டையைக் கோத்து வீசினார். வெயில் தாழ்ந்தது. கடைசியில் கீழே ஒரு கூச்சல் கேட்டது. அதிகாரியின் தூண்டிலில் உள்ளங்கை நீளத்தில் ஒரு கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு தொங்கியது. அப்புத்துரை தூண்டிலைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு ஓடிப்போய், முள் குத்தாமல் அதைக் கழற்றிக் கொடுத்தார். அதிகாரி சிரித்தார். அவருக்குப் பல் இருந்த விஷயம் அன்றுதான் வெளியே தெரிந்தது.

அந்தப் பல் மறைவதற்குள் அப்புத்துரை இஸ்மாயிலின் கதையைச் சொன்னார். கொஞ்சம் அரிசி, சின்னச் சின்னப் பிள்ளைகள், நல்ல வேலைக்காரன். அதிகாரி கெளுத்தியை உயர்த்திக் காட்டினார்.

"இன்றைக்கு இந்தக் கடலில் பெரிய மீன் எது?"

"துவானுடையதுதான்."

"சரி, அவனை விடச் சொல்கிறேன்" என்ற அதிகாரி, மீனும் கையுமாகத் தெருப் பக்கம் திரும்பி, லாக்கப்புக்கு அனுப்பக் காரில் இருந்த டிரைவரைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் மேட்டில் ராட்டினம் கிறீச்சிட்டது. அப்புத்துரை எட்டி ஏறிப் பிடித்தார். தூண்டில் வில்லாக வளைந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு கொடுவா மீன் ஒரே ஒரு முறை புரண்டது. அவருடைய கையை விட நீளம், வெள்ளிப் பாளம் மாதிரி முதுகு. துரையின் காலத்திலும் அவர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. சந்து முனையில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தம்மை அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு அதிகாரியின் கையில் தொங்கிய கெளுத்தியைப் பார்த்தார். டிரைவர் இன்னும் வந்து சேரவில்லை.

அப்புத்துரை குனிந்தார். உப்பும் மீன் வாடையும் ஊறிய தூண்டில் நரம்பை, ஐம்பது வருஷம் மச்சம் மாமிசம் தொடாத பல்லுக்கிடையில் வைத்துக் கடித்து அறுத்தார். தூண்டில் துள்ளி நிமிர்ந்தது.

"என்ன சத்தம்?" என்று அதிகாரி திரும்பினார்.

"கல்லிலை மாட்டிப்போட்டுது, துவான்."

கல்லில் மாட்டாமல் தூண்டில் வீசுவது எப்படி என்று மொரிட்டா நெடுநேரம் விளக்கினார். லாக்கப்பை நோக்கிக் கார் கிளம்பிப் போகும் வரை அப்புத்துரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.