பதினோரு பலகை, ஒரு குரங்கும் இல்லை

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது, வானம் விடவில்லை. கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் பினாங்குக்குக் காரில் கிளம்பினோம். மூவர் வயதையும் கூட்டினால் இருநூற்றுப் பதினொன்று. அந்த வயதில் வீட்டில் இருந்திருக்கலாம் என்று நான் அப்போதே சொன்னேன். மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்று ஆன நாளிலிருந்து மற்ற இருவரும் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

ஓட்டியவன் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் இயக்கியவன். இப்போது மாத்தூரில் இருக்கிறான். பின் சீட்டில் ராயபுரத்துக் கருவாட்டு வியாபாரி. நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். படித்தவன் என்பதால் பலகைகளைப் படிக்க முன் சீட்டு. கார், கிரேன்காரனின் மகளுடையது. அவளும் மருமகனும் அங்கே எட்டு வருடமாக வேலையில் இருக்கிறார்கள்.

அவள் காரை இரவலாகத் தரவில்லை, பரீட்சைக்குத் தந்தாள். போன தீபாவளிக்கு ஊரில் கிரேன்காரன் தன் காரைத் தன் வீட்டு கேட்டிலேயே மோதியிருந்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது மகளின் கட்சி. கேட்தான் நகர்ந்தது என்பது அப்பாவின் கட்சி.

"நைனா, ஒரு கீறல் இல்லாம, போலீஸ்ல மாட்டாம திரும்பி வா. வந்தா ஊர்ல உன் கார் உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா மார்ச் மாசமே வித்துடுவேன். அப்புறம் ஆட்டோதான்."

"சரிம்மா" என்று அவன் சாவியை வாங்கிய விதத்தில், பந்தயத்தை அப்போதே ஜெயித்துவிட்டவன் போலிருந்தது. டிக்கியில் கருவாட்டு மூட்டை. மகளுக்கென்று ராயபுரத்திலிருந்து சுமந்து வந்தது. அவள் ஃபிளாட்டுக்குள் விட மறுத்துவிட்டாள்.

நகரத்தைத் தாண்டி அரை மணி நேரத்தில் முதல் பலகை வந்தது. தூரத்திலேயே கண்டவன் கிரேன்காரன்தான். அவன் சொன்ன பிறகும் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத்தான் பார்க்க முடிந்தது.

"இன்னா மாமு எய்தி கீது? படி."

அந்த ஊரில் மலாய் மொழியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்கள். கே, யூ, ஆர், ஏ, என், ஜி, கே, ஏ, என். குரங்கன். அடுத்த சொல் எல், ஏ, ஜே, யூ. லாஜு.

மலாயில் தமிழ்ச் சொற்கள் உண்டு என்பதை முந்தைய நாளே கவனித்து வைத்திருந்தேன். கடையை அவர்கள் 'கெடாய்' என்கிறார்கள்; கப்பல் 'கப்பால்'. எனவே யோசித்துத்தான் சொன்னேன்: "குரங்கு நடமாட்டம். லாஜுன்னா நம்ம ஜாஸ்தி மாதிரி ஏதோ. குரங்கு ஜாஸ்தி, ஜாக்கிரதைன்னு அர்த்தம்." சாலையின் இரு பக்கமும் காடு வேறு. யார்தான் சந்தேகப்படுவார்கள்?

கருவாட்டுக்காரருக்கு முகம் வெளுத்தது. "யோவ், டிக்கில நாலாயிரம் ரூவா சரக்கு கீதுய்யா. மோப்பம் புட்ச்சி வந்துடப் போவுது."

"குரங்கு கருவாடு துன்னுமா?" என்றான் கிரேன்காரன்.

"நம்ம சரக்கத் துன்னாதவன் எவன்யா கீறான்? கண்ணாடிய ஏத்து. மிதி."

அதுவே சட்டமாயிற்று. பலகை கண்ணில் பட்டதும் கிரேன்காரன் "குரங்கு!" என்பான், நான்கு கண்ணாடிகளும் ஏறும், கார் பாயும். பலகை தாண்டி ஒரு கிலோமீட்டர் போனதும் கண்ணாடிகள் இறங்கும், மூச்சு விடுவோம். கருவாட்டு வாசனையோடு மூடிய காரில் இருந்தவர்களுக்கு இந்த மூச்சின் அருமை தெரியும். நடுவில் ஒரு சுங்கச்சாவடியில் அட்டையில் பணம் தீர்ந்து, பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடித்தன. இன்னோர் இடத்தில் பலகையைப் பார்த்து மிதித்ததில் சாலை மேட்டில் மூவரும் எம்பினோம். என் பல்செட் நழுவியது. பலகைகளை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். பதினொன்று. குரங்கு ஒன்றும் இல்லை.

"பலகை வெச்சதோட நிக்காம எல்லாத்தையும் புட்ச்சிட்டான் பாரு. இதான்யா கவுருமெண்டு" என்றார் கருவாட்டுக்காரர்.

ஈப்போவுக்கு முன்னால், பதினோராவது பலகை தாண்டியதும், போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். இளைஞர், மலாய்க்காரர். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "சமான்" என்றார்.

"சாமான் இன்னா கீதுன்னு கேக்கறாருப்பா. டிக்கியத் தொற" என்றான் கிரேன்காரன்.

கருவாட்டுக்காரர் ஓடிப்போய்த் திறந்தார். போலீஸ்காரர் இரண்டடி பின்வாங்கினார். கையை மூக்கில் வைத்துக்கொண்டு மறுபடியும் "சமான், சமான்" என்று கிரேன்காரனைக் காட்டினார்.

"இதான் நைனா சாமான். இது வஞ்சிரம், இது சுறா, இது நெத்திலி. வேற ஒண்ணியும் இல்ல." ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார் கருவாட்டுக்காரர்.

ஜீப்பிலிருந்து இன்னொரு போலீஸ்காரர் இறங்கி வந்தார். நம்மவர், அந்த ஊர்த் தமிழர். சிரிப்பை அடக்கியதில் மீசை ஆடியது.

"ஐயா, சாமான் இல்லீங்க. சமான்னா சம்மன், அபராதம். ஏன் ஐயா, போர்டைப் பார்த்தா எல்லாரும் வேகத்தைக் குறைப்பாங்க, நீங்க மட்டும் மிதிக்கிறீங்களே?"

"குரங்கு வருதுன்னு…" என்று நான் ஆரம்பித்தேன்.

"என்ன குரங்கு?"

பலகையைக் காட்டினேன். அவர் ஜீப்பின் மேல் சாய்ந்துவிட்டார். மலாய்க்காரரிடம் ஏதோ சொல்ல, அவரும் சாய்ந்தார்.

"ஐயா! லாஜுன்னா வேகம். முதல் வார்த்தை குரங்கு இல்லீங்க, குறைங்க. நம்ம தமிழ்ல சொல்ற மாதிரியே. வேகத்தைக் குறைங்க!"

இன்றுவரை என் வாதம் இதுதான்: இங்கிலீஷில் ஓர் 'ஆர்' வைத்துக்கொண்டு ரகரத்துக்கும் றகரத்துக்கும் பொதுவாக எழுதினால், படித்தவன்தான் ஏமாறுவான். அங்கே அந்த வாதம் எடுபடவில்லை.

"படிச்சவன்னு முன்னால குந்த வெச்சா, இன்னா வேல பண்ணிக்கினு வந்து கீறான் பாரு" என்றார் கருவாட்டுக்காரர்.

"நூத்தைம்பது வெள்ளி. இன்னைக்கே ஈப்போ கவுண்டர்ல கட்டிடுங்க" என்றார் தமிழ்ப் போலீஸ்காரர்.

கருவாட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், வெள்ளியா கேக்கறீங்கோ? எங்கிட்ட அரணாக்கொடி ஒண்ணுதான் கீது."

வெள்ளி என்றால் அந்த ஊர்த் தமிழில் ரிங்கிட் பணம் என்று விளக்க இன்னும் ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு வஞ்சிரத்தை நட்புக்காக நீட்டியதை அவர் மறுத்துவிட்டார். "என் கருவாட்ட வாணாம்னு சொன்ன மொத ஆளு" என்று கருவாட்டுக்காரர் பினாங்கு வரை புலம்பினார்.

கிரேன்காரன் மட்டும் சிரிக்கவில்லை. சாலையோரக் கம்பியில் உட்கார்ந்திருந்தான். வண்டி எண்ணைத் தட்டினால் அபராதம் மகளின் போனிலேயே தெரிந்துவிடும் என்று போலீஸ்காரர் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது.

"பூட்ச்சு மாமு. மார்ச்சுல வித்துடுவா. காலைல எய்ந்ததும் சாவி எங்கன்னு தேடுவேன். அதுக்காவத்தான் எய்ந்துக்கறேன். அது இல்லன்னா அப்பால இன்னாத்துக்கு எய்ந்துக்கறது?"

ஈப்போவில் கவுண்டரைத் தேடி வரிசையில் நின்று, என் பையிலிருந்த பணத்தில் கட்டினேன். கட்டிவிட்டால் மறுநாளைக்குள் பட்டியலிலிருந்து போய்விடும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். ஒருமுறைக்கு மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மறுநாளைக்கு மறுநாள் சாயங்காலம் திரும்பினோம். மகள் காரைச் சுற்றி வந்தாள். கீறல் இல்லை. போனைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. டிக்கியைத் திறந்து உடனே மூடினாள். நாற்றம் கீறல் கணக்கில் வராது. கிரேன்காரனின் முதுகு நிமிர்ந்தது.

"ரோடெல்லாம் எப்படி இருந்துச்சு அங்கிள்?" என்று கருவாட்டுக்காரரைக் கேட்டாள். என்னைக் கேட்டிருக்கலாம்.

"சூப்பரும்மா. பதினோரு போர்டு வெச்சி கீறான், ஒரு குரங்கு கூட இல்ல."

நான் அவர் காலை மிதித்தேன். அது வேறொரு காலாக இருந்திருக்க வேண்டும். அவர் அசையவில்லை, கிரேன்காரன்தான் "ஆ" என்றான்.

"என்ன குரங்கு?" என்றாள். பிறகு அவள் முகத்தில் மெதுவாக விளங்கியது. எட்டு வருடம் அந்தப் பலகைகளின் கீழே போய் வந்தவள். "நைனா, அந்த போர்டைப் பாத்து நீ என்ன பண்ணே?"

பொய் சொல்லத் தெரியாதவன். "கண்ணாடிய ஏத்திக்கினு ஜல்தியா பூட்டேன்மா. போலீசு புட்ச்சான். இவந்தான் துட்டு கட்னான்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தாள். நாங்கள் மூவரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போல நின்றோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பதினோரு போர்டையும் யார் முதல்ல பார்த்தது?"

"நாந்தான்" என்றான் கிரேன்காரன். "இவன் கண்ணாடிய தொடச்சிக்கினே இருப்பான்."

"எவ்ளோ தூரத்துல?"

"அதோ, அந்தத் தண்ணி டேங்கு தூரம்."

அவள் தண்ணீர் டேங்கைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அப்ப கண்ணு நல்லாத்தான் தெரியுது. நடுரோட்டுல பறந்துட்டு ஒரு கீறல் இல்லாம வந்திருக்கே. ஊர்ல காரை நீயே வெச்சுக்க நைனா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. இனிமே இந்த அங்கிள் முன் சீட்டுல உக்காரக் கூடாது."

"கரீட்டு" என்றார் கருவாட்டுக்காரர்.

அந்தத் தீர்ப்பு ஊரிலும் செல்லுபடியாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்டு வாங்க நெட்டுக்குப்பம் போகும்போது முன் சீட்டில் கருவாட்டுக்காரர் இருக்கிறார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், எனவே வாயைத் திறப்பதில்லை. நான் பின்னால், நண்டுப் பையோடு. அபராதத்தைத் திருப்பித் தர கிரேன்காரன் பலமுறை வந்தான். மொழிபெயர்ப்பு என்னுடையது என்பதால் வாங்கவில்லை. டிக்கியைச் சுத்தம் செய்ய எண்பது வெள்ளி ஆனதில் மகள் மூன்றில் ஒரு பங்கை என்னிடமும் வாங்கிக்கொண்டாள். கருவாடு என்னுடையது அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அன்றைய மாற்று விலையில் அபராதம் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து, டிக்கியில் என் பங்கு நானூற்று அறுபத்து நான்கு. ஆக மூவாயிரத்து எழுபத்து நான்கு ரூபாய்.