கூட்டுக்குக் கீழே நுளம்புச்சுருள்

பக்கத்து வீட்டு மேரியின் யன்னலால் நுளம்புச்சுருள் மணம் வந்தது. அந்த மணம் வந்தால் எனக்கு ஸ்டெல்லா அக்காவின் குசினிதான் நினைவுக்கு வரும்.

பாலையூற்றில் எங்கள் முற்றம் நிறைய லவ்பேர்ட்ஸ். துறைமுக வேலையால் வந்ததும் அப்பா உடுப்பு மாற்றாமலே கூட்டடியில் நிற்பார். அவரிடம் ஒரு சோடி வாங்கிப்போன ஸ்டெல்லா அக்கா மறுநாளே ஓடிவந்தார்.

"அண்ணை, குருவியளுக்குத் தண்ணி சுடவைச்சோ குடுக்கிறது?"

அப்பா கதிரையில் சாய்ந்து சிரித்தார். "தேத்தண்ணியும் ஊத்திக் குடுங்கோ பிள்ளை."

நானும் சேர்ந்து சிரித்தேன். அக்கா பிறகு எதையும் கேட்க வரவில்லை.

அடுத்த கிழமை பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். குசினி முழுக்கப் புகை. கூட்டுக்கு நேர் கீழே நுளம்புச்சுருள் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு குருவிகளும் செத்துக் கிடந்தன.

"நுளம்பு கடிக்குமெண்டு கொளுத்தினனான். உன்ர அப்பாட்டக் கேக்க வெக்கமாக் கிடந்தது."

புகை குருவிக்கு ஆகாதென்று அப்போது பத்து வயதான எனக்கே தெரியும்.

இப்போது நானும் குருவி வளர்க்கிறேன். புதிதாக ஒரு குருவி வாங்கிய மேரி, அதைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டலாமா என்று போன கிழமை கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மணம் வந்ததும் அவள் வீட்டுக்கு ஓடினேன். சுருள் கூட்டடியில் புகைந்தது. குருவி அவள் மடியில் விறைத்துக் கிடந்தது.

"நேற்றுக் கேப்பமெண்டு உங்கட வேலி வரைக்கும் வந்தனான் அக்கா," என்றாள்.