படித்துறைக்குப் பின்னால் ஐந்து பெயர்கள்

சண்முகவடிவு இறந்த செய்தி தொலைபேசியில்தான் வந்தது. காலை பத்தரை மணி இருக்கும். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஒரு கல்யாண அழைப்பிதழைக் கணினியில் கோத்துக்கொண்டிருந்தேன். முக்கூடலிலிருந்து அவருடைய தம்பி பேசினார். அக்கா விடியும்போது போய்விட்டாள் என்றார். பிறகு, சுவரில் ஒட்ட ஒரு சுவரொட்டி வேண்டும், நீங்களே செய்து கொடுத்தால் நல்லது என்றார். வடிவின் நல்ல படம் எதுவும் வீட்டில் இல்லை. என்னிடம் ஒன்று இருந்தது. நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் ஆண்டு விழாவில் எடுத்தது. நடுவில் முதலாளி, சுற்றி நாங்கள். முதலாளியின் தோள் வடிவின் கன்னத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தோளை வெட்டி எடுத்துவிட்டுக் கன்னத்தை வரைந்து நிரப்ப எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பதினாறாம் நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக அவர் வேலை பார்த்த தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். முதலாளியும் வந்திருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அதை அவரே வேண்டிய இடங்களில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டியது தான்தான் என்று அவர் பேசினார். நாங்கள் செய்த கணினி விளையாட்டில் ஒளிந்திருக்கும் மண்டபம் தன்னுடைய யோசனை என்றும், வடிவு அதை அழகாகச் செய்துகொடுத்தார் என்றும் சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அங்கே இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கம்பெனி டவுணில், தெற்கு ரத வீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. நான் அதற்கு முன்பு கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருந்தவன். கையில் ஓவியம் இருந்ததால் கணினியில் படம் போடும் வேலைக்கு என்னை எடுத்திருந்தார்கள். வடிவு வேலை கேட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாடிப்படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

அண்ணாச்சி வர நேரமானதால் ஒரு கணினியின் முன் அவரை உட்காரச் சொன்னேன். அதில் ஒரு வெளிநாட்டு விளையாட்டு இருந்தது. கோட்டைக்குள் புகுந்து வெளியேறும் விளையாட்டு. மாதக்கணக்காக நாங்கள் அதை ஆடியிருக்கிறோம். வடிவு எதிரிகளைச் சுடவில்லை. ஒவ்வொரு சுவராகப் போய் முட்டிக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் ஒரு சுவர் விலகி, நாங்கள் அதுவரை பார்த்திராத ஓர் அறை திறந்தது. அதற்குள் ஒரு நாயின் படம் இருந்தது. கீழே அதன் பெயர். யாரோ ஒரு புரோகிராமரின் வீட்டு நாயாக இருக்கும் என்றார் வடிவு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அந்த ஒரு சுவரில் மட்டும் செங்கல் வரிசை கொஞ்சம் மாறியிருந்தது என்றார்.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. விளையாட்டுகளில் ஒளித்துவைக்கப்பட்டவற்றைப் பற்றி எங்கே எது படித்தாலும், தானே எதைக் கண்டுபிடித்தாலும் அதில் எழுதுவார். எந்தப் பாறைக்குப் பின்னால் யாருடைய கையெழுத்து, எந்தப் பாட்டுக்குள் யாருடைய தொலைபேசி மணி, எந்தக் கல்லறையில் யாருடைய நண்பனின் பெயர் என்று பக்கம் பக்கமாக இருக்கும். பெயர் போட மறுத்த கம்பெனிக்குத் தெரியாமல் ரகசிய அறை கட்டித் தன் பெயரை எழுதிவைத்த ஒருவரைப் பற்றிய குறிப்பை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டியிருக்கிறார். இதெல்லாம் எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“விளையாடுதவன் எல்லாரும் ஜெயிக்கதுக்கே வர மாட்டாங்க அண்ணே. சும்மா நின்னு பாக்கதுக்கும் ஒருத்தன் வருவான். அவனுக்கும் ஏதாவது வைக்கணும்லா” என்றார்.

சென்னையில் கணினி விற்கும் ஒரு நிறுவனம், கணினியோடு சேர்த்துக் கொடுக்க ஒரு விளையாட்டுக் கேட்டது. ஆற்றில் தோணி விடும் விளையாட்டு என்று முடிவாயிற்று. மலையில் தொடங்கி, அருவி, அணை, வயல், ஊர் எல்லாம் தாண்டிக் கடலில் போய்ச் சேர வேண்டும். எட்டு மாதம் அதில் வேலை செய்தோம். புரோகிராம் முழுக்க வடிவு எழுதினார். படங்கள் என்னுடையவை. ஜெபராஜ் ஒலி சேர்த்தார். மைதீன் ஆடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடித்தார்.

அந்த விளையாட்டை ஆடியவர்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். அதில் வரும் அருவியின் இரைச்சல் மணிமுத்தாற்றில் எடுத்தது அல்ல. ஜெபராஜ் அலுவலகத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பதிவு செய்தது. எல்லாப் படித்துறைகளும் ஒரே ஏழு கற்களால் ஆனவை. கணினியின் நினைவகத்தில் அதற்கு மேல் இடமில்லாததால் வடிவு அவற்றைத் திருப்பியும் புரட்டியும் அடுக்கினார். மூன்றாம் கட்டத்தில் இடது கரையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மொத்தம் இரண்டே படங்கள். கை ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. துணி துவைக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்தார். அது வடிவின் அம்மா. பீடி சுற்றுகிறார்.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணாச்சி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். விளையாட்டு முடியும்போது திரையில் வர வேண்டிய பெயர்கள். தயாரிப்பு, அவர். உருவாக்கம், அவர் மகன். மேற்பார்வை, அவர் மைத்துனர். மகன் அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். மைத்துனர் எங்கள் மாடிக்கு ஏறியதே இல்லை. வடிவு அந்தத் தாளை வாங்கி, உள்ளபடியே அடித்துக் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது அண்ணாச்சி வெளியே போயிருந்தார். வடிவு என்னிடம் வந்து நம் ஐந்து பேர் பெயரையும் ஒரு படமாக எழுதித் தர முடியுமா என்று கேட்டார். ஐந்தாவது ஆள் யார் என்று கேட்டேன். எங்களுக்கு டீ வாங்கிவந்து, அறையைக் கூட்டித் துடைத்த செல்லம்மாக்கா. பலகை எழுதிய கை அல்லவா, ஆசையாக எழுதிக் கொடுத்தேன். நான்காம் கட்டத்துப் படித்துறையில் தோணியை நிறுத்தி, கீழ்நோக்கும் அம்புக்குறி விசையை மூன்று முறை அழுத்தினால், படிகளுக்குப் பின்னால் ஒரு கல்மண்டபம் திறக்கும்படி வடிவு செய்தார். சுவரில் ஐந்து பெயர்கள் இருக்கும். செல்லம்மாக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எது தன் பெயர் என்று கேட்டு, திரையைத் தொடலாமா என்றும் கேட்டு, ஒரு விரலால் மெல்லத் தொட்டார்.

விளையாட்டு வெளியாகி மூன்று மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு கணினிப் பத்திரிகையாளர் வந்தார். அண்ணாச்சி பேசினார், நாங்கள் பின்னால் நின்றோம். ஆற்று விளையாட்டு என்பதைத் தவிர இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று வந்தவர் கேட்டார். அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார்.

“என்னவே, நீருதான படமெல்லாம் போட்டீரு. விசேஷமா ஏதாவது இருந்தாச் சொல்லும்.”

வடிவு அன்று விடுப்பு. நான் சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை. சென்னையிலிருந்து வந்தவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். மண்டபத்தைத் திறந்து காட்டி, இதோ என் பெயர் என்றும் சொன்னேன். அவர் வியந்துபோனார். அண்ணாச்சி சிரித்தார். பெயர்களை இன்னும் சரிசெய்து முடிக்கவில்லை, அடுத்த பதிப்பில் முழுமையாக வரும், அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை வடிவைக் கூப்பிட்டு அந்தப் பெயர்களை எடுக்கச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேட்டது. வடிவு குரலை உயர்த்தவில்லை.

“நான் எழுதுனத நான் அழிக்க மாட்டேன் அண்ணாச்சி. தப்பா ஒண்ணும் எழுதல.”

தனக்குத் தெரியாமல் ஒன்றை உள்ளே வைத்தவள் நாளைக்கு வேறு எதையும் வைப்பாள் என்றார் அண்ணாச்சி. அன்றே வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார். வடிவு தன் நோட்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு படியில் பைய இறங்கிப் போனார். நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்லம்மாக்கா மட்டும் பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனார்.

வடிவு போன பிறகு அண்ணாச்சி என் இடத்துக்கு வந்தார். புரோகிராமைத் தொடவே தேவையில்லை. பெயர்கள் நான் வரைந்த ஒரு படம்தான், அந்தப் படத்தை மாற்றினால் போதும் என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாரோ நான்தான், முந்திய நாள் பெருமையடித்தபோது. ஐந்து பெயர்களையும் அழித்துவிட்டு அவருடைய தகப்பனார் பெயரை எழுதச் சொன்னார். நினைவாக என்ற சொல்லையும் கீழே சேர்க்கச் சொன்னார். எனக்குக் கல்யாணம் முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டு, உட்கார்ந்து எழுதினேன். எழுத்து முன்னதைவிட நன்றாகவே வந்தது.

இரண்டு மாதத்தில் பத்திரிகையில் கட்டுரை வந்தது. தந்தைக்கு ஒரு மகன் விளையாட்டுக்குள் எழுப்பிய ரகசிய நினைவு மண்டபம் என்று நெகிழ்ந்து எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி அதைச் சட்டம் போட்டு மாட்டினார். டவுணிலும் ஜங்ஷனிலும் இருந்த கணினி மையங்களுக்கெல்லாம், வடிவு விளையாட்டுக்குள் வைரஸ் வைத்துவிட்டார் என்று சொல்லியும் வைத்தார். அந்தச் சொல் அப்போது புதுசு. அது என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால் முழுசாகப் பயந்தார்கள். வடிவு வேலை கேட்டுப் போன இடங்களில், அவர் கையை ஒரு கணினியின் மேல்கூட வைக்கவிடவில்லை. கடைசியில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கப் போனார். புரோகிராம் எழுதிய ஒருவர், இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு விரல் வைக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு மீதி வருஷங்களைக் கழித்தார்.

நான் போய்ப் பார்க்கவில்லை. முக்கூடல் என்ன சீமையிலா இருக்கிறது? பேருந்து ஏறினால் ஒரு மணி நேரம். நான்கு வருஷம் போகவில்லை. கம்பெனியை அண்ணாச்சி மூடிவிட்டுக் கணினி விற்கத் தொடங்கியபோது என்னையும் அனுப்பிவிட்டார். அப்போதும் போகவில்லை. வடிவு இறப்பதற்கு மூன்று வாரம் முன்புதான், உடம்பு ரொம்ப முடியவில்லை என்று ஜெபராஜ் சொன்ன பிறகு போனேன்.

முன்கூடத்தில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அம்மா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் வழியெல்லாம் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். அன்று பத்திரிகைக்காரரிடம் சொன்னது தப்பு, புத்தி கெட்டுச் செய்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவர் மூச்சை வாங்கி வாங்கிப் பேசினார்.

“நீங்க சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்லண்ணே. யாராவது ஒருத்தர் கண்டுபிடிக்கணும்னுதான வச்சேன். அவர் அழின்னதும் உக்காந்து அழிச்சீங்களே, அதுக்குத்தான். செல்லம்மாக்கா பேரையும் அழிச்சீங்க. உங்க பேரையும் அழிச்சீங்க. கை எப்படி வந்துச்சு?”

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, அண்ணனுக்கு டீ போட்டுக் கொடு, பஸ்ஸுக்கு நேரமாகுது என்றார். நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். போய்வருகிறேன் என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

இரங்கல் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவருடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை, கடைசியில் நல்லபடியாகத்தான் பேசினாள் என்றார். அவர் நல்ல மனிதர். எனக்காகச் சொன்னார். ஆனால் அது உண்மையில்லை. வடிவு என்னை மன்னிக்கவில்லை. அவர் விட்டுப்போனவற்றில் என்னிடம் இருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை யாருக்காகவும் மாற்றி எழுதாமல் வைத்திருப்பேன்.