வெள்ளைக் களிம்பும் அதன் சான்றிதழும்

கொச்சியில், கொச்சங்காடியில் என் தங்கை ஷாம்பு காய்ச்சுகிறாள். காய்ச்சுவது என்பது அவள் சொல். அங்கே அடுப்பே கிடையாது. முன்பு இஞ்சி மூட்டைகள் அடுக்கியிருந்த ஓர் அறை, இரண்டு எவர்சில்வர் அண்டா, ஒரு தராசு. கலூரிலிருந்து ஒரு வியாபாரி நீல டிரம்மில் கொண்டுவந்து தரும் வெள்ளைக் களிம்புதான் மூலப்பொருள். உறைந்த நெய்யைப் போல, முத்தின் பளபளப்போடு இருக்கும். தண்ணீரில் போட்டு அவசரமாகக் கலக்கினால் கட்டி தட்டும். காலையில் ஊறவிட்டால் பிற்பகலில் தானே கரைந்திருக்கும். பிறகு உப்புக்கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நீர்த்துக் கிடந்தது தேன்பதத்துக்குத் திரளும். உப்பு கொஞ்சம் கூடினால் மறுபடி நீர்த்துவிடும்.

"எல்லாம் தேங்காய்தான் அண்ணே" என்பாள்.

"தேங்காய் இப்படி நுரைச்சு எங்கே பார்த்தே?"

"சந்தேகப்படறதுக்கு உனக்குப் பென்ஷன் வேற குடுக்கறாங்க."

பள்ளிக்கூட அலுவலக வேலையை விட்டுவிட்டு அவள் இதில் இறங்கியிருந்தாள். கோட்டைக் கொச்சியில் ஒரு விடுதி, தன் எல்லா அறைகளுக்கும் அவளிடமே ஷாம்பு வாங்க ஒப்புக்கொண்டது. மேலாளர் இரண்டு விஷயங்கள் கேட்டார்: குப்பியில் 'தேங்காயிலிருந்து மட்டும்' என்ற வரி, களிம்பு செய்த ஆலையின் பரிசோதனைச் சான்றிதழ், அதுவும் அவள் பயன்படுத்தும் அதே டிரம்முக்கு உரியது. இரண்டுக்கும் பொறுப்பேற்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆர்டர் போனால் வேறு வாடிக்கையாளர் இல்லை.

அந்த வரி எனக்கு உறுத்தியது. இப்படி ஓர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெருக்காரரிடம் கேட்டேன். சாயாவை ஆற்றிக்கொண்டே விளக்கினார். தேங்காய் எண்ணெயிலிருந்து ஒரு கொழுப்பு ஆல்கஹால் எடுப்பார்கள். அதை மூடிய கலத்தில் ஊற்றி, காற்றை நைட்ரஜனால் வெளியேற்றி, துளி காரம் சேர்த்துச் சூடாக்கி, எத்திலீன் ஆக்சைடு வாயுவை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். தீப்பிடித்தால் ஆலையே மிஞ்சாது. அந்த வாயு கண்ணி கண்ணியாகக் கொழுப்பின் நுனியில் தொற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் எண்ணெய்க்குப் பிறந்தது தண்ணீரோடு சேரும். இரண்டு மூன்று கண்ணிகள் போதும். மேலே கந்தகம் ஏற்றினால் நுரைக்கும் களிம்பு.

"வாயு எங்கிருந்து வருது?"

"பெட்ரோலியத்திலேந்து. உங்க தங்கச்சியோட தேங்காய் பாதிதான்."

செய்யும்போது டையாக்சேன் என்று உடம்புக்கு ஆகாத ஒரு பொருளும் கொஞ்சம் உண்டாகும் என்றார். நல்ல ஆலைகள் அதை வெற்றிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைச் சான்றிதழ் சொல்லும்.

அன்று மாலையே தங்கையிடம் சான்றிதழைக் கேட்டேன். போனில் காட்டினாள். டையாக்சேன் அளவு இருந்தது. எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் லாட் எண்ணும் டிரம்மில் இருந்ததோடு பொருந்தியது. ஆனால் தேதியிலும் லாட் எண்ணிலும் இருந்த இலக்கங்கள் மற்றவற்றைவிடத் தடிமன். வரியிலிருந்து மயிரிழை இறங்கியும் நின்றன. பத்தாண்டுகள் அச்சுப்படி திருத்திய கண்ணுக்கு அது போதும்.

"உன் கலூர்க்காரன் கைவரிசையைப் பாரு" என்றேன். அவள் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானே வியாபாரியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"இக்கா, அது பழைய டிரம்மோட பேப்பரல்லே? புதுசோடது வர ஒரு வாரம் ஆகும்னு உங்க தங்கச்சி இத்தாகிட்ட பறஞ்சேனே. வேணும்னா இப்பவே விளிச்சுக் கேளு."

கேட்க வேண்டிய ஆள் பக்கத்தில்தான் இருந்தாள். போனை அணைத்தேன்.

"விடுதிக்காரங்க நாளைக்கே பேப்பர் வேணும்னாங்க" என்றாள். "நம்பர் மட்டும்தானே மாத்தினேன். களிம்பு ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு வேறன்னு எப்படித் தெரியும்?"

எனக்கும் தெரியாது. அதுதான் விஷயம் என்றேன். அனுப்பிவிட்டாயா என்று கேட்டேன். இல்லை, காலையில் அனுப்ப வைத்திருந்தாளாம். அதையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை. போனை வாங்கி, அனுப்பிய செய்திகளைப் பார்த்தேன். அவள் தடுக்கவில்லை.

மறுநாள் அவளே விடுதிக்கு அழைத்தாள். சான்றிதழுக்கு ஒரு வாரம் ஆகும், 'மட்டும்' என்ற சொல் நிற்காது, மூலப்பொருள்களை அவற்றின் பெயரிலேயே அச்சடிக்கிறேன் என்றாள். மேலாளர் நீண்ட நேரம் பேசினார். கடைசியில் முதல் மாதத்துக்குப் பாதி அறைகளுக்கு மட்டும், அதுவும் சரியான சான்றிதழ் வந்தபின், என்று முடித்தார்.

சான்றிதழ் எட்டாம் நாள் வந்தது. ஆலை நேராக என் மின்னஞ்சலுக்கே அனுப்பும்படி அவள் சொல்லியிருந்தாள். அளவு வரம்புக்குள்தான் இருந்தது. படித்துக் காட்டினேன்.

"நம்பரை நல்லாப் பெருசாக்கிப் பார்த்துக்க" என்றாள். சிரிக்கவில்லை.

பெருசாக்கித்தான் பார்த்தேன்.